எதிர்ப்பக்கத்து வாசல்

வாசல் கண்ணில் பட்டுவிட்டது, அதுதான் கொடுமை. வலது பக்கம், சாலையின் நடுவே ஓடும் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், எதிர்த்திசையில் பாய்ந்து வரும் வண்டிகளையும் தாண்டி, மஞ்சள் அடித்த மதிலும், மதிலுக்கு மேலே ஒல்லியாக ஒரு புகைபோக்கியும், திறந்து கிடந்த இரும்புக் கதவும், கதவருகே மாலைகள் பிய்ந்து தொங்கிய ஒரு வண்டியும். மின் மயானம் என்று மதிலில் எழுதியிருந்ததை வேடியப்பன் பைக்கை ஓட்டியபடியே படித்துவிட்டான். படித்து முடிப்பதற்குள் அதைத் தாண்டிவிட்டார்கள். தாண்டித்தான் ஆக வேண்டும்; சிக்னல் வந்தால்தான் தடுப்பில் இடைவெளி வரும். அந்த இடைவெளியின் தலைமாட்டில்தான் பலகை தொங்கியது. வெள்ளை வட்டம், சிவப்பு ஓரம், மேலே போய் வளைந்து கீழே இறங்கும் கறுப்பு அம்பு, அம்பின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. சிக்னல் சிவப்பில் இருந்தது. அவன் வெள்ளைக் கோட்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்தி, இடது காலை ஊன்றிக்கொண்டு பலகையைப் பார்த்தான். பிறகு அதைப் பார்க்காதவன் மாதிரி எதிரே இருந்த செல்போன் கடையைப் பார்த்தான். பயனில்லை. படித்த ஒன்றைப் படிக்காததாக ஆக்கிக்கொள்ள அவனுக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. முதுகில் அப்பா மடியில் வைத்திருந்த பையின் முனை குத்திக்கொண்டே இருந்தது. புதுச் சேலை. கடைக்காரன் போட்டுக் கொடுத்த அட்டைப் பெட்டியின் மூலை சரியாக முதுகெலும்பின் மேல். "அதோ, வெள்ளச் சட்ட, டில்லிதான அது? வாசல்லயே நிக்கறாம் பாரு. திருப்புடா," என்றார் அப்பா. "இங்க திருப்பக் கூடாதுப்பா." "ஏன்?" "போர்டு போட்டிருக்காங்க." "என்னான்னு?"

என்னான்னு. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் அவன் வளர்ந்தான். பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் கூடை தூக்கும் சென்றாயனுக்கு எழுத்து தெரியாது, மகனுக்குத் தெரியும். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் தோளில் உட்கார்ந்துகொண்டு பஸ்களின் நெற்றியைப் படித்தவன் அவன். ஆஸ்பத்திரியில் படித்தவன் அவன். எந்த ஆபீசுக்குப் போனாலும் அப்பா வாசலிலேயே நின்று, "என்னா போட்டிருக்குது, சத்தமாப் படி," என்பார், சுற்றி நிற்கிறவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று. அவன் படிப்பான். அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது. அப்பா இரண்டடி பின்னால் போவார். இங்கே எச்சில் துப்பாதீர். அப்பா விழுங்குவார். அதற்கு முன்னால் அவர் எங்கே வேண்டுமானாலும் போய் வந்துகொண்டிருந்தவர்தான், யாராவது கத்தினால் சிரித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார், அவ்வளவுதான். மகன் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அவருக்குப் போகக் கூடாத இடங்கள் உண்டாயின. அதற்காக அவர் பெருமைப்பட்டார் என்பதை நினைத்தால் வேடியப்பனுக்கு வாய் கசந்தது. இப்போது அவர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டிப் பலகையைப் பார்த்தார். "எழுத்தே இல்லியேடா. தொரட்டிக் குச்சி மாதிரி இருக்குது." "அதுக்குத் திரும்பக் கூடாதுன்னு அர்த்தம்." "அப்ப எங்கதான் திரும்பறது?" "முன்னால ஒரு இடம் இருக்குது. போயிட்டு வந்துரலாம்." முன்னால என்றால் எவ்வளவு தூரம் என்று அப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க வேண்டியிருக்கும். மேம்பாலத்தின் அடிக்கால் வரை போய், அங்கே வளைந்து, இதே சிக்னலில் இன்னொரு முறை நின்று, பிறகுதான் அந்த வாசல்.

நாலரை என்று சொல்லியிருந்தான் டில்லி. டில்லிபாபு, அத்தையின் ஒரே பிள்ளை. நாலரைக்கு நம்ம முறை, பின்னால ரெண்டு பேர் வரிசையில இருக்காங்க, மாமாவ எப்படியாச்சும் கூட்டிட்டு வந்துடுடா. அத்தை நேற்று இரவு போய்விட்டாள். மாதம்மாள். அப்பாவின் ஒரே தங்கை. தகவல் போனதும் அப்பா உடனே பஸ் ஏறியிருக்கலாம், ஏறவில்லை, ஜவுளிக்கடை திறக்கும்வரை தர்மபுரியில் பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கட்டிக் கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை வர வேண்டும். கோடி என்பார்கள். உடன்பிறந்தவன் அதைத் தன் கையால் அவள் மேல் போர்த்த வேண்டும். புருஷன் வீட்டார் போர்த்தியது எத்தனை இருந்தாலும் எல்லாவற்றுக்கும் மேலே அது கிடக்க வேண்டும். கிடக்காவிட்டால் கேட்க நாதியில்லாமல் போனாள் என்றுதான் பேச்சு. அப்பா அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை வைத்து எடுத்திருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மகனிடம் முதலில் அதைத்தான் பிரித்துக் காட்டினார், கூட்டத்துக்கு நடுவில், "அதுக்கு அரக்குதான் புடிக்கும்," என்று. அப்போதே கிளம்பியிருக்கலாம். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்பதால் அவன் வழியில் நண்பன் அறைக்கு வண்டியைத் திருப்பி, நண்பன் குளித்து முடிக்கும்வரை காத்திருந்து, ஹெல்மெட் வாங்கி, அப்பாவின் தாடைக்குக் கீழே வாரை இழுத்து மாட்டி, அது இறுகுகிறதா என்று இரண்டு முறை கேட்டு. அந்த நேரம் இப்போது எங்கே போயிற்று. அந்த நேரம் கையில் இருந்திருந்தால் மேம்பாலம் என்ன, அதற்கு அப்பாலும் போய் வந்திருக்கலாம். ஆனால் ஹெல்மெட் இல்லாமல் போய் யாராவது நிறுத்தியிருந்தால்? நிறுத்தியிருந்தால், நிறுத்தியிருந்தால் என்றே அவன் தலைக்குள் எப்போதும் ஒருவன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்பாவின் பட்டன் போன் சட்டைப் பைக்குள் அலறியது. அவர் அதை ஹெல்மெட்டின் மேலேயே வைத்து அழுத்திக்கொண்டார். ஒலிபெருக்கியில் டில்லியின் குரல் சிக்னல் முழுக்கக் கேட்டது. "மாமா, எங்க கீறீங்க? நான் பாக்கறேன் மாமா, சிக்னல்லதான கீறீங்க? அங்கியே வளச்சிகினு வாங்க, இன்னா யோசன?" "பையன் போர்டு இருக்குதுங்கறான்." "இன்னா போர்டு? போனை அவனாண்ட குடுங்க. டேய் வேடி, போலீசே இல்லடா அங்க. அடுத்த பாடிகாரன் வந்து நின்னுகினு கத்தறான். எங்கம்மாவ எவ்ளோ நேரம்டா புடிச்சி வெக்கறது? வளைடா!" வேடியப்பன் வலது இண்டிகேட்டரைப் போட்டான். பிறகு அணைத்தான். கம்பத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி இருந்தது, கேமராவாக இருக்கலாம். நொடிகளைக் காட்ட வேண்டிய எண் விளக்கோ பழுதாகி, எல்லாக் கோடுகளும் எரிய வெறும் எட்டும் எட்டுமாக நின்றது. அது பழுதானால் கேமராவும் பழுதாகியிருக்கும். இல்லை, அப்படிச் சொல்ல முடியாது. எது வேலை செய்கிறது எது செய்யவில்லை என்று யாருக்கோ தெரிந்திருக்கிறது, அவர்கள் தைரியமாக இருக்கிறார்கள். அவன் ஏஜென்டு இல்லாமல் லைசென்ஸ் எடுத்தவன். "நீ வெறும் கையெழுத்துப் போடு தம்பி, மீதிய நான் பாத்துக்கறேன்," என்று சொன்ன ஏஜென்டை மறுத்து, விதிப்புத்தகத்தை வாங்கி, பரீட்சைக்குப் படிப்பதுபோல அடிக்கோடிட்டுப் படித்தவன். தடைப் பலகை உள்ள இடத்தில் திரும்பக் கூடாது. நெரிசலான சாலையில் திரும்பக் கூடாது. கண்ணாடியில் பின்னால் பார்த்து, சைகை காட்டி, எதிரே வருபவருக்கு வழி விட்ட பிறகே திரும்ப வேண்டும். அதை வைத்துத் தேறியவர்கள் அந்த ஆபீஸில் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனால் எல்லாருக்கும் லைசென்ஸ் கிடைத்தது. எல்லாரும் இப்போது அவனைச் சுற்றி ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அவன் வேலையும் அப்படி. வண்டி இன்சூரன்ஸ் கம்பெனியில், விபத்துக் கோப்புகளைப் படித்துச் சுருக்கி எழுதும் வேலை, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. தடைசெய்யப்பட்ட இடத்தில் திரும்பியபோது என்று ஒரு வரி கோப்பில் வந்துவிட்டால் மேலதிகாரி மேலே படிக்கவே மாட்டார், பக்கத்தை மூடிவிடுவார். அந்த வரியில் நசுங்கிப் போன பைக்குகளின் படங்களை அவன் தினமும் பார்க்கிறான். பின்னால் உட்கார்ந்திருந்தவரின் செருப்பு தனியாகக் கிடக்கும். எப்போதும் செருப்பு தனியாகத்தான் கிடக்கிறது. அப்பா இன்றைக்குப் போட்டிருந்தது ரப்பர் செருப்பு.

பச்சை விழுந்தது. அவனுக்கு வலது பக்கம் நின்ற கார் மெதுவாக ஒடிந்து, பலகைக்குக் கீழேயே வளைந்து, எதிர்த்திசையில் போய்ச் சேர்ந்தது. அதன் கண்ணாடியில் வக்கீல் வில்லை ஒட்டியிருந்தது. அதற்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்த ஸ்கூட்டர். அதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வேன், உள்ளே பிள்ளைகள் பாடிக்கொண்டு போனார்கள். ஒருவரும் பலகையை அண்ணாந்து பார்க்கவில்லை. படிக்காதவனுக்குப் பலகை இல்லை. படித்துத் தலைமுறை தலைமுறையாய் ஊறிப் போனவனுக்கும் பலகை இல்லை. நேற்று படித்து வந்து நடுவில் நிற்கிறவனுக்கு மட்டும்தான் இந்த ஊரில் இத்தனை பலகைகளையும் நட்டு வைத்திருக்கிறார்கள். அவன் எதையும் முடிவு செய்யவில்லை, வண்டி அரையடி நகர்ந்து நின்றது, மீண்டும் அரையடி. பின்னால் ஒரு ஆட்டோ அவன் பின் சக்கரத்தை முட்டுகிற மாதிரி வந்து ஹாரனை விடாமல் அழுத்தியது. "இன்னா சார், சிக்னல போட்டோ புடிக்கறியா? போறதுனா போ, வளையறதுனா வளை. வழியில குந்திகினு." அப்பா திரும்பி, "சாவுக்குப் போறம்பா," என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். "சாவுக்குப் போறவன் இப்டியா பெரியவரே நிப்பான்? நான் போற வேகத்தப் பாரு, நான் சவாரிக்குப் போறேன்!" ஆட்டோ இடது பக்கம் உரசிக்கொண்டு பறந்தது. வேடியப்பன் கியரைப் போட்டு நேராகப் போனான். நேராகப் போனது அவன்தானா, அவன் கையா என்று அவனுக்கே விளங்கவில்லை. சேலைப் பெட்டியின் மூலை முதுகிலிருந்து கொஞ்சம் விலகியது. அவர் பின்னால் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டு கிலோமீட்டர் இருக்காது, போய் வந்துவிடலாம், நாலரை என்றால் நாலரைக்கேவா எடுப்பார்கள், சடங்கு இருக்கும், வாய்க்கரிசி இருக்கும், அழுகை இருக்கும். மின் மயானத்தில் அழுகைக்கு நேரம் கொடுப்பார்களா? அத்தை அழுதே அவன் பார்த்ததில்லை. வேலை கிடைத்து வந்த புதிதில் ஆறு மாதம் அவள் வீட்டில்தான் இருந்தான், வியாசர்பாடியில், இரண்டு அறை. அலுவலகத்தில் எல்லாரும் அவன் பெயரைக் கேட்டு ஒரு முறை சிரித்துவிட்டுப் பிறகு கூப்பிட்டார்கள், அவள் ஒருத்திதான் வேடியப்பா என்று முழுதாகக் கூப்பிட்டாள், சாமி பேரக் கொறச்சா நாக்கு அழுகிடும் என்று. மாலையில் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டு தினமும் அதே கேள்வி, "அண்ணன் பேசுச்சா? என்னயப் பத்தி எதாச்சும் கேட்டுச்சா?" அவனுக்குப் பொய் சொல்ல வராது. இல்லத்தை என்பான். பொய் சொல்லியிருக்கலாம். கேட்டாருத்தை, உனக்கு முட்டிவலி எப்படி இருக்குதுன்னு கேட்டாரு. ஒரு பொய்தானே, எந்தக் கேமராவும் இல்லாத அடுப்படி. அவள் சிரிப்பாள். "செத்தாலாச்சும் வரச்சொல்லு. வெறுங்கையோட வந்தா உள்ள வுட மாட்டேன், சீலயோட வரணும்." அண்ணன் பேச்சை விட்ட அந்தச் சண்டை டில்லிக்குக் காது குத்தியபோது மூண்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பஸ் தாமதமாகி அப்பா போய்ச் சேர்ந்தபோது வேறு எவனோ ஒருவன் மடியில் வைத்துக் குத்தி முடித்திருந்தார்கள், இலை போட்டு ஆகிவிட்டது. "நல்ல நேரம் ஒனக்காகக் காத்துக்கினு இருக்குமா?" என்று அத்தையின் புருஷன் பந்தியில் வைத்துக் கேட்டாராம். இனி உங்க வாசப்படிய மிதிக்கறதில்ல என்று அப்பா வந்துவிட்டார். வேடியப்பன் அப்போது பிறக்கவேயில்லை. அந்தப் புருஷன் செத்தபோதும் அப்பா போகவில்லை. சொன்னது சொன்னதுதான் என்று உட்கார்ந்திருந்தார். எழுதாத பலகையை அவரே தன் வாசலில் மாட்டி வைத்துக்கொண்டார் போல. யாரும் எழுதாததை அவர் இத்தனை வருஷம் மதித்தார், எழுதியதை நான் மதிக்கிறேன், இரண்டில் எது அதிகப் பைத்தியம்? இப்படி யோசிப்பதே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று உடனே தோன்றியது. அப்பா இன்று அதை உடைத்துவிட்டுத்தானே கிளம்பி வந்திருக்கிறார்.

மேம்பாலத்தின் அடிக்கால் வந்தது. திரும்பும் இடத்தில் இரும்புத் தடுப்புகளை வரிசையாக வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஒரு மஞ்சள் துணி. யூ டர்ன் மூடப்பட்டுள்ளது, அடுத்த திருப்பத்தைப் பயன்படுத்தவும். போன வாரம் இந்த வழியாகத்தான் அவன் வளைந்து போனான். எப்போது மூடினார்கள்? கடைசித் தடுப்புக்கும் தூணுக்கும் நடுவே ஒரு பைக் நுழையும் அளவுக்கு இடம் இருந்தது, அதன் வழியாக ஒருவர் பின் ஒருவராகப் பைக்குகள் புகுந்துகொண்டிருந்தன. நிழலில் நாற்காலி போட்டு ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். புகுகிறவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். "அதோ பூர்றானுங்களே, நீயும் பூந்து போடா," என்றார் அப்பா. போயிருக்க வேண்டும். வண்டியைக்கூட அந்தப் பக்கம் ஒடித்துவிட்டான். அந்த இடத்தில்தான் அவன் அதைச் செய்தான், அவன் மாதிரி ஆள்தான் செய்ய முடியும், பிறகு எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்றே தோன்றப்போகிறது. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளி, "சார், ஒரு சாவு சார். எங்க அத்தை. இந்த வழியாப் போகலாங்களா?" என்று கேட்டான். போலீஸ்காரர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் கோபமே இல்லை, ஒருவித வருத்தம்தான் இருந்தது, தூங்குகிறவனை எழுப்பி விட்டால் வருமே அந்த மாதிரி. "ஏன்பா, நான் பாட்டுக்குத் திரும்பி உக்காந்திருக்கேன். நீ பாட்டுக்குப் போயிருக்க வேண்டியதுதான?" "இல்ல சார், கேட்டுட்டு..." "கேட்டுட்ட இல்ல? கேட்ட பொறவு நான் எப்டி வுடறது? மேல ஆபீசர் நிக்கறாரு. முன்ன போ, முன்ன போ." அவர் எழுந்து கயிற்றை இழுத்து அந்த இடைவெளியையும் சேர்த்துக் கட்டினார். பின்னால் வந்த பைக்குக்காரர்கள் வேடியப்பனைப் பார்த்துக் கையை விரித்தார்கள். "வந்தான் பாரு கலெக்டரு," என்றான் ஒருவன். அப்பா வண்டியிலிருந்து இறங்கிப் போலீஸ்காரரைக் கும்பிட்டார். எதற்குக் கும்பிட்டார் என்று தெரியவில்லை. சேலைப் பையை இரண்டு கைக்கும் நடுவில் வைத்தே கும்பிட்டார். "நீ ஏம்பா அவங்கிட்ட கேட்ட?" என்று அவர் மறுபடி ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டார். திட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கேட்டுச் செய்தால் தப்பில்லை என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார், எந்த வாத்தியார். வகுப்பில் எழுந்து நின்று ஐயா தண்ணி குடிச்சிட்டு வரலாங்களா என்று கேட்கும் பையன்தான் அவன், மற்றவர்கள் போய்க் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்த திருப்பம் எங்கேயோ இருந்தது. பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், இன்னொரு பெட்ரோல் பங்க். கல்யாண மண்டபத்து வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் போன் மறுபடி அலறி, அவர் எடுப்பதற்குள் அடங்கியது. அது அடங்கியது எதற்கோ அறிகுறி என்று வேடியப்பன் நினைத்தான், பிறகு இல்லை என்று நினைத்தான், சிக்னல் கிடைத்திருக்காது, டில்லி கையில் வேறு வேலை இருக்கும், வேறு வேலை என்றால் என்ன வேலை. திருப்பத்துக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு தண்ணீர் லாரியும் இரண்டு கார்களும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. எதிரே வருபவருக்கு வழி விட வேண்டும். அவன் விட்டான். எதிரே வருபவன் ஒருவனும் இவனைப் பார்த்து ஒரு நொடி பிரேக் பிடிக்கவில்லை. விதிப்புத்தகத்தில் வழி விடுவது எழுதியிருக்கிறது, விட்டால் நமக்கு எப்போது வழி வரும் என்று எழுதவில்லை. இடது பக்கமும் வலது பக்கமும் பைக்குகள் அவனைத் தாண்டி முன்சக்கரத்தை உள்ளே திணித்துத் திணித்து, எதிரே வந்தவர்களைத் திட்டி, திட்டு வாங்கி, போய்க்கொண்டே இருந்தன. "வுடாதடா, வண்டிய முன்னால வுடு," என்றார் அப்பா. "அவன் இடிச்சிருவாம்ப்பா." "இடிக்க மாட்டான். அவனுக்கும் வண்டி வேணுமில்ல?" இவ்வளவு எளிய விஷயம் அவனுக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைத்ததில்லை. கடைசியில் தண்ணீர் லாரி உறுமிக்கொண்டு குறுக்கே போய் மொத்தச் சாலையையும் அடைத்தது, அதன் நிழலில் ஒதுங்கி அவனும் வளைந்தான். லாரியிலிருந்து தண்ணீர் சிந்தி அப்பாவின் வேட்டி நனைந்தது. அவர் பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

பிறகு வேகமாகப் போனான். எவ்வளவு வேகம் அனுமதியோ அவ்வளவு வேகம். அதற்கு மேல் முள் போனபோதெல்லாம் கை தானாகத் தளர்ந்தது, அந்தக் கையை அவன் வெறுத்தான். அதே நாற்சந்தி எதிர்த்திசையிலிருந்து வந்து நின்றது. சிவப்பு. வெள்ளைக் கோடு. அந்தப் பக்கம், சந்தியைத் தாண்டியதும் இடது பக்கம், மஞ்சள் மதில். இப்போது நடுவில் தடுப்பு இல்லை, எதிர்வண்டிகள் இல்லை, ஒரே ஒரு சிவப்பு விளக்குதான். வாசலில் வெள்ளைச் சட்டை இல்லை. மாலை வண்டியும் இல்லை, வேறொரு வண்டி நின்றிருந்தது. அவனுக்குப் புரிந்தது. அப்பாவுக்கும் புரிந்திருக்க வேண்டும், வண்டி லேசானது, சடாரென்று. திரும்பிப் பார்த்தபோது அவர் இறங்கி நடந்துகொண்டிருந்தார். குறுக்கே பாயும் வண்டிகளுக்கு நடுவில், ஒரு கையை நீட்டி, மண்டியில் மாட்டை ஒதுக்குகிற மாதிரி ஒவ்வொரு வண்டியாக ஒதுக்கிக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டோடு, கக்கத்தில் சேலைப் பெட்டியோடு, ஈர வேட்டி காலில் ஒட்ட, ஓடினார். பஸ் ஒன்று அவருக்காக நின்றது. கார்கள் நின்றன. ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான், அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் அந்தக் கரையில் ஏறியபோதும் சிவப்புதான் எரிந்தது. வேடியப்பன் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு சாண் தள்ளி, நின்றுகொண்டிருந்தான். போகலாம். இப்போது போனால்கூடப் போகலாம். இனி போய் என்ன என்று ஒன்று உள்ளே சொன்னது, அது நியாயமாகவே சொன்னது, அவனுக்குள் எல்லாமே எப்போதும் நியாயமாகத்தான் பேசும்.

அவன் உள்ளே போனபோது கூடத்தில் ஊதுபத்தியும் சூடான இரும்பும் கலந்த வாடை. சுவரில் பதித்த இரும்புக் கதவு இறங்கி மூடியிருந்தது. அதன் முன்னால் அப்பா ஹெல்மெட்டோடு நின்றார். அதைக் கழற்றச் சொல்ல அவருக்கு யாரும் இல்லை போல. டில்லி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், எழுந்திருக்கவில்லை. "இப்பதான் மாமா. வாசல்ல சண்ட ஆயிப் போச்சு. அடுத்தவங்க எங்கள வுட்டுட்டு அவங்க பாடிய எடுக்கச் சொன்னாங்க. நான் எவ்ளோதான் சொல்றது." பிறகு வேடியப்பனைப் பார்த்தான். "உன்ன கண்ணால பாத்தேன்டா. சிக்னல்ல நின்னுகினு இருந்த. கையாட்டினேன். நீ நேராப் போற." "போர்டு..." என்றான் வேடியப்பன். "போர்டு," என்றான் டில்லி, அவ்வளவுதான், தலையைக் குனிந்துகொண்டான். காக்கிச் சட்டை போட்ட ஊழியர் அப்பாவின் கையில் இருந்ததைப் பார்த்தார். "சீலையா பெரியவரே? வருத்தப்படாதீங்க. போட்டிருந்தாலும் எல்லாத்தையும் எடுத்துட்டுதான் உள்ள அனுப்புவோம். தோ பாருங்க." மூலையில் ஒரு குவியல் கிடந்தது, சேலைகள், வேட்டிகள், மாலைகள், பச்சை, அரக்கு, மஞ்சள், யார் யாருடைய பிறந்த வீடுகளோ. வேடியப்பனுக்குள் ஏதோ அவிழ்ந்து இளகியது. அப்படியானால் ஒன்றும் போகவில்லை. நேரத்துக்கு வந்திருந்தாலும் அது இந்த மூலையில்தான் கிடந்திருக்கும். தப்பு அவ்வளவு பெரிதில்லை. அந்த நிம்மதி வந்த வேகத்தைக் கண்டு அவனுக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் அதை விட மனமில்லை, கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "எடுக்கறதுக்கு முன்னால போட்டிருப்பனே," என்றார் அப்பா ஊழியரிடம், மிக மெதுவாக. "போட்டுட்டு எடுக்கறது வேற சாமி. போடாமயே இருக்கறது வேற." ஊழியர் தலையாட்டிவிட்டு நகர்ந்து போனார்.

வெளியே வந்ததும் டில்லி, "வூட்டுக்கு வாங்க மாமா, ஒரு வாய் சாப்டுட்டுப் போலாம்," என்றான். "இல்ல மருமவனே. அது இருக்கும்போதே வர்ல, இப்ப வந்து என்னாத்துக்கு." டில்லி வேடியப்பன் பக்கம் திரும்பி எதையோ சொல்ல வாயெடுத்தான். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "அவன ஒண்ணும் சொல்லாத. அவன் படிச்ச பையன்." இத்தனை வருஷம் ஊரில் எல்லாரிடமும் அவர் சொல்லி வந்த அதே வார்த்தை. பஸ் ஸ்டாண்டிலும் மண்டியிலும் சொன்ன வார்த்தை. அதே குரல்தானா என்று வேடியப்பன் உற்றுக் கேட்டான், கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். "இத யார்கிட்ட வாங்கினியோ அவங்ககிட்ட குடுத்துரு." "நான் கொண்டு போய் பஸ் ஏத்தி வுடறம்ப்பா." பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. அப்பா சாலையைப் பார்த்தார், நடுத்தடுப்பைப் பார்த்தார், ஒரு கம்பி உடைந்து ஆள் நுழையும்படி இருந்த இடத்தைப் பார்த்தார். "நீ சுத்திக்கினு வா. நான் போறேன்," என்றார். கையை நீட்டிக்கொண்டு இறங்கினார். வண்டிகள் ஒதுங்கின. கம்பிக்கு நடுவே முதலில் சேலைப் பையை நுழைத்து, பிறகு தோளை நுழைத்து, அந்தப் பக்கம் போய் நிறுத்தத்தில் நின்றுகொண்டார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. வேடியப்பன் வண்டியைக் கிளப்பினான். இந்தத் திசையில் அடுத்த திருப்பம் ரயில்வே பாலத்தின் அருகில், அங்கே பலகை பச்சையாக இருக்கும், அங்கே திரும்பலாம் என்று அவனுக்குத் தெரியும். போனான். அங்கே மூடியிருக்கவில்லை. இண்டிகேட்டரைப் போட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்து, திருப்பத்தின் வாயில் நின்றான். எதிர்த்திசையிலிருந்து ஒரு பஸ் வந்தது. அதன் நெற்றியில் பேருந்து நிலையம் என்று எழுதியிருந்தது. அப்பாவால் அதைப் படிக்க முடியாது, யாரையாவது கேட்டு ஏறிக்கொள்வார். இப்போது முன்சக்கரத்தை உள்ளே விட்டால் அதற்கு முன்னால் போய்விடலாம், அது நின்று அவரை ஏற்றுவதற்குள் போய் நிறுத்தத்தில் இறங்கிவிடலாம், அவனுக்கும் வண்டி வேண்டும், இடிக்க மாட்டான். பஸ் நெருங்கியது. அவன் பிரேக்கைப் பிடித்து, காலை ஊன்றி, வழி விட்டான்.